லியோனி ஓட்டினாள்

ஜூலை 8, திங்கள்

காலை ஆறரைக்கு சார்செல் வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஐஸ் பெட்டியில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. ரோட்டோர மேசையில் இதையெல்லாம் பரப்பி வைத்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று மகள் லியோனி முணுமுணுத்தாள். பதினோரு மணிக்குப் பசி வந்ததும் முதலில் டப்பாவைத் திறந்தது அவள்தான்.

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. லூர்து மாதா கோயிலைத் தவிர வேறெங்கும் போனதில்லை. தெற்கே மலைமேல் கட்டிய கிராமங்கள், ஊதா நிற வயல்கள், இதையெல்லாம் காட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதில் அவர் சொன்னார். அன்றிலிருந்து அதே பஸ், அதே தடம், ரயிலடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு நாளைக்குப் பதினான்கு நடை. இந்த வருஷம் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

லியோனிக்குப் போன மாதம்தான் லைசென்ஸ் வந்தது. செப்டம்பரில் லியோன் நகரத்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போகிறாள். "பப்பா, நேர் ரோடுதானே, நான் கொஞ்ச நேரம் ஓட்டறேனே" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"நான் பஸ்ஸே ஓட்டறவன். நீ பாட்டுப் போடு" என்றார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியில் தண்ணீர் பாட்டில்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அவருடைய மாத்திரைகளைக் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று பிரித்து டப்பாவில் போட்டிருக்கிறேன். முதுகுவலிக்கு என்று லியோனியிடம் சொல்லியிருக்கிறது. மே மாதத்திலிருந்து அவர் முதுகுவலி லீவில் இருக்கிறார் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று வழியில் தங்கிவிட்டு இன்று மத்தியானம் வந்து சேர்ந்தோம். வாடகை வீடு, இரண்டு அறை, கல் சுவர், உள்ளே குளுமையாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம். வீட்டுக்காரம்மா ஒரு கூடை ஆப்ரிகாட் பழம் வைத்துவிட்டுப் போனாள். அடுப்பில் ஒரு பக்கம்தான் எரிகிறது. சாதத்துக்கும் ரசத்துக்கும் அது போதும்.

ஜூலை 10, புதன்

ரூசியோன். ஊரே செம்மண் நிறம். சுவர், படி, ஜன்னல் சட்டம்கூட. "நம்ம ஊரு காலாப்பட்டு செம்மண்ணைப் பாக்கவா எண்ணூறு கிலோமீட்டர் வந்தோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாள் கழித்து அவர் இப்படிப் பேசிக் கேட்கிறேன்.

மத்தியானம் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். நாளைக்கு எந்த வழியாகப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். கோப்பை கையில் சாய்ந்து காப்பி முழுவதும் பேன்ட்டில் கொட்டியது. சூடு, அவர் அசையவில்லை. நான் எட்டு வரை எண்ணினேன். பிறகு குனிந்து பார்த்து, "இது யார் கொட்டினது?" என்றார்.

"பப்பாவுக்கு என்ன ஆச்சும்மா?"

"தூக்கம். ரெண்டு நாளா ஓட்டினாரில்ல."

வெயிலும் அதிகம். தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 11, வியாழன்

லாவண்டர் வயல் பார்த்தோம். இன்று ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

கோர்த் என்ற ஊர். எதிர்மலையில் நின்று பார்த்தால் தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காக வீடுகள். மூன்று பேரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் அவர் அழகாக இருக்கிறார்.

திரும்பும்போது குறுகலான சந்தில் கார் வலப்பக்கச் சுவரில் உரசிக்கொண்டே போனது. கதவு முழுக்கக் கீறல். லியோனி "பப்பா, பப்பா" என்று தோளை உலுக்கினாள். அதன்பிறகுதான் பிரேக் போட்டார். எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கினதாகச் சொன்னார். எதிரே வண்டி எதுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், சரியாகத் தெரியவில்லை.

லியோனி ரொட்டி வாங்கப் போனபோது சொன்னேன். "நாளைக்கு அவ ஓட்டட்டும்ங்க. மலை ரோடு."

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே பேசினார். "செப்டம்பர்ல டிப்போ டாக்டர்கிட்ட நானே போய்ச் சொல்லப்போறேன். அதுக்கப்புறம் சாகற வரைக்கும் பக்கத்து சீட்டுதான் எனக்கு. இந்த ஒரு வாரம் விடு, பிலோ."

விட்டேன்.

ஜூலை 13, சனி, காலை

இன்று முஸ்தியே என்ற ஊருக்குப் போகிறோம். இரண்டு மலைகளுக்கு நடுவே சங்கிலி கட்டி ஒரு நட்சத்திரம் தொங்கவிட்டிருக்கிறார்களாம். அங்கிருந்து இறங்கினால் பச்சைத் தண்ணீர் ஏரி. புளிசாதம் கட்டியாகிவிட்டது. லியோனி முன்சீட்டில் வரைபடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து ஹார்ன் அடிக்கிறார்.

ஜூலை 13, மாலை

லியோனி ஓட்டினாள்.

போலீசில் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். இதிலும் இனி அப்படியே எழுத வேண்டும். யார் கையிலாவது கிடைத்தால்?

மூன்றே முக்கால் மணி இருக்கும். ஏரிக்கு இறங்கும் ரோட்டில், இரண்டாவது வளைவு. கார் நேராக எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. கீழேயிருந்து சைக்கிளில் ஏறி வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர். சத்தம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. பிறகு கார் புதரில் நின்றுவிட்டது. எங்கள் மூவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் ஓடிப்போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கழுத்தை அசைக்கவிடாமல் பிடித்துக்கொண்டேன். முதியோர் இல்லத்தில் பதினாறு வருஷம் வேலை செய்கிறேன், இது கைக்குப் பழக்கம். கண் திறந்துதான் இருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வந்துவிடுவார்கள், வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தீயணைப்பு வண்டி வரப் பதினெட்டு நிமிஷம் ஆனது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள்.

"நான் ஓட்டினதா சொல்லிக்கிறேன்" என்று லியோனி தானாகவே சொன்னாள். அவள்தான் முதலில் சொன்னாள். குடித்திருக்கிறாளா என்று குழாயில் ஊதச் சொன்னார்கள், ஊதினாள். சூரியன் கண்ணில் அடித்தது என்றாள்.

காரை எடுத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை எங்கேயும் போகக்கூடாது. வீட்டுக்காரம்மா இன்னும் ஒரு வாரம் இருந்துகொள்ளச் சொன்னாள்.

ஜூலை 14, ஞாயிறு

தேசிய நாள். தெருவெல்லாம் கொடி. சதுக்கத்தில் வாத்தியக்காரர்கள் காலையிலிருந்து ஒரே பாட்டைப் பழகுகிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குமேல் சொல்லமாட்டார்களாம்.

இவர் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தானாகவே பேசினார். "நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருந்தேன். ரோட்டோரம் மஞ்சப் பூ பூத்திருந்துது. அப்புறம் பாத்தா நீ நடுரோட்டுல உக்காந்திருக்கே. நடுவுல ஒண்ணுமே இல்ல, பிலோ. நான் ஒரு ஆளை அடிச்சிருக்கேன், எனக்கு அது தெரியல."

"மெதுவா பேசுங்க" என்றேன். வீட்டுக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

போலீஸ் நிலையம். அதிகாரி ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தண்ணீர் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினாள். எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டாள். லியோனியிடம் கேட்டதை அவளே வந்து சொன்னாள்: ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லையே, ஏன்? பயத்தில் கால் வரவில்லை என்றாளாம்.

பிறகு அதிகாரி என்னிடம் கேட்டாள். குடும்பத்தில் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது உண்டா? உங்கள் கணவருக்கு? மகளுக்கு?

"இல்லை" என்றேன்.

அவள் அதை எழுதிக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

பெரியவர் இன்று காலை இறந்துவிட்டார். ஆந்த்ரே பெலான், எழுபத்தொரு வயது, தபால்காரராக இருந்து ரிட்டையர் ஆனவர்.

சாம்பார் வைத்தேன். யாரும் சாப்பிடவில்லை.

ஜூலை 17, புதன்

காலை பத்து மணிக்குக் கதவு தட்டினார்கள். போலீஸ் என்று நினைத்தேன். ஒல்லியாக, வெள்ளை முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட ஒரு அம்மா, கையில் பை எதுவும் இல்லாமல் நின்றாள். "நான் கொலெத் பெலான்" என்றாள்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. லியோனி எங்கே என்று கேட்டாள். லியோனி தன் அறையிலிருந்து வந்தாள், நான்கு நாளாக அதே பனியனில். அந்த அம்மா அவள் எதிரே போய் நின்றாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உனக்குப் பதினெட்டு வயசுன்னு சொன்னாங்க. நாற்பது வருஷம் அவர் இந்த மலையில் தபால் வண்டி ஓட்டினார். ஒரு தடவை அவரும் ஒரு குழந்தையை இடிக்க இருந்தார், ஒரு முழ இடைவெளியில தப்பிச்சுது. அதை நினைச்சு வருஷக்கணக்கா ராத்திரியில எழுந்து உட்காருவார். உன்மேல எனக்குக் கோபம் இல்லை. நீ படி. உன் வாழ்க்கையைக் கெடுத்துக்காதே. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு லியோனியின் கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "தீயணைப்புக்காரங்க சொன்னாங்க. கடைசிவரைக்கும் நீங்க அவர் கையை விடலையாமே. அவர் தனியா இல்லை. நன்றி, மதாம்."

நான் தலையை ஆட்டினேன்.

அந்த அம்மா போனதும் லியோனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா இவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

அடக்கம் நாளைக்காம். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, போலீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். நான் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"சொல்லி என்ன ஆகப்போவுது? அந்தாளு திரும்பி வரப்போறாரா?"

"என் புள்ள மேல கொலைப்பழி கெடக்குது, பிலோ."

"அவளை மன்னிச்சாச்சு. நீங்களே கேட்டீங்க இல்ல? சின்னப் பொண்ணு, லேசா விட்டுடுவாங்க. டாக்டர் ஓட்டக்கூடாதுன்னு சொன்னப்புறம் ஓட்டினீங்கன்னு தெரிஞ்சா? உங்களை யாரு மன்னிப்பாங்க?"

அவர் சட்டைப் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினார். லியோனி அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"டாக்டர் எப்ப சொன்னாரு?" என்றாள்.

அவர் கழற்றிய சட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

"பப்பாவுக்கு அன்னிக்குதான் முதல் தடவை வந்துதுன்னு நெனச்சேன். அதனாலதான் ஒத்துக்கிட்டேன்."

"மே மாசம்" என்றார் அவர்.

ஜூலை 19, வெள்ளி

காலையில் கோயில் மணி அடித்தது. மெதுவாக, ஒவ்வொன்றாக. லியோனி மேசையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் பேசினது இவ்வளவுதான்:

"நான் போய்ச் சொல்லமாட்டேன்மா. சொன்னா பப்பாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆவும். அதையும் என் தலையில வைக்காதே. அந்தம்மா என் கன்னத்தைத் தொட்டாங்க. வர்றதுக்கு எவ்வளவு யோசிச்சிருப்பாங்க. நான் அப்படியே நின்னு வாங்கிக்கிட்டேன். நீ சொல்லு. நீதான சொல்லச் சொன்னே."

ஆமாம்.

13-ஆம் தேதி நான் எழுதியது பொய். ஓட்டியது அவர். வளைவில் அவர் தலை சற்று இடப்பக்கம் சாய்ந்தது, எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. ரூசியோனில் எண்ணினதுபோல எண்ண ஆரம்பித்தேன். கத்தவில்லை, எண்ணினேன். மூன்று. நான்கு. லியோனிதான் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தாள். இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்திருந்தால் என்று அவள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முன்னால் கத்தியிருக்க வேண்டியவள் நான்.

நீ ஓட்டினதா சொல்லு என்று முதலில் சொன்னதும் நான்தான். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

மே மாதம் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இது ஒரு வகை வலிப்பு, கார் சாவியைத் தொடவே கூடாது என்றார். டாக்டரால் யாரிடமும் சொல்லமுடியாது, நீங்களாகத்தான் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னார். வேலை போய்விட்டால் இவர் என்ன ஆவார் என்று யோசித்தேன். பஸ்ஸை எடுத்துவிட்டால் அவரிடம் வேறு எதுவும் இல்லை. பயணம் முடியட்டும் என்று நான்தான் சொன்னேன். இங்கே யாரும் என்னை ஏமாற்றவில்லை.

மத்தியான பஸ்ஸில் மூன்று பேரும் போலீஸ் நிலையம் போனோம். உள்ளே போனதும் நான் வாயைத் திறக்குமுன் அவர் சொல்லிவிட்டார். "வண்டியை ஓட்டினது நான்." அதிகாரி பேனாவை மூடி வைத்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "மதாம், உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டாள். ஒன்றே முக்கால் மணி நேரம் சொன்னேன்.

அவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாத்திரை டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 22, திங்கள்

அவரை வெளியே விட்டார்கள், வழக்கு முடியும்வரை வாராவாரம் கையெழுத்துப் போட வேண்டும். லைசென்சை எடுத்துக்கொண்டார்கள். என்மேலும் வழக்கு. லியோனிமேலும் உண்டு, அவள் விஷயத்தை நீதிபதி கருணையோடு பார்ப்பார் என்று வக்கீல் சொல்கிறார். ரயிலில் சார்செல் திரும்பினோம். அவர் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத எதுவும் இல்லாமல் இல்லை.

பெலான் அம்மாவைப் பார்க்கப்போகிறேன் என்று லியோனி கடிதம் போட்டிருந்தாள். வரச்சொல்லிப் பதில் வந்தது. "அம்மாவும் வரட்டும்" என்று கீழே ஒரு வரி. இருவரும் ரயிலிலும் பஸ்ஸிலுமாக வந்தோம். வழியெல்லாம் லியோனி காதில் பாட்டு மாட்டியிருந்தாள். நான் கட்டிக்கொண்டு போன இட்லியைச் சாப்பிட்டாள், அது போதும்.

ஊர்க்கோடியில் சின்ன வீடு. முதலில் அம்மா மட்டும் என்றாள் பெலான் அம்மா. சமையலறையில் உட்காரவைத்தாள். மேசையில் எதுவும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"அதைக் கோர்ட்டில் சொல்லுங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். நீங்க சொன்னதில் எது உண்மை, எது பொய்னு எனக்கு இப்ப தெரியலை. நீங்க அவர் கையை விடலைன்னு சொன்னாங்களே, அது?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பதினெட்டு நிமிஷத்தில் பெரும்பகுதி உண்மைதான். அந்த அம்மாவுக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். வேலை செய்யும் இடத்தில், இறந்தவர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

"நடுவில் ஒரு தடவை விட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"காரில் சீட்டு பின்னால் தள்ளியிருந்தது. என் கணவர் உயரம். மகளுக்குக் கால் எட்டாது. போலீஸ் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எழுந்துபோய் முன்னால் இழுத்து வைத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம். கொஞ்சம் அதிகமாகவும் இருக்கலாம். நெம்புகோல் சிக்கிக்கொண்டது."

"அப்போ அவருக்கு நினைவு இருந்ததா?"

"இருந்தது."

"ஏதாவது சொன்னாரா?"

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. லியோனியிடம்கூட. போலீசிடம் சொன்ன ஒன்றே முக்கால் மணி நேரத்திலும் சொல்லவில்லை.

"உங்களைக் கூப்பிட்டார். கொலெத், கொலெத் என்று இரண்டு தடவை. நான் காரிலிருந்து கேட்டேன். திரும்பி வந்தபோது பேச்சு நின்றுவிட்டிருந்தது."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா எழுந்துபோய் இறுக்கி மூடினாள். முதுகைக் காட்டியபடியே அங்கேயே நின்றாள். நான் எழுந்திருப்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை.

"உண்மையைச் சொன்னீங்க" என்றாள் கடைசியில், திரும்பாமல். "இதுக்கு நான் நன்றி சொல்லணும்னு எதிர்பார்க்காதீங்க."

"இல்லை, மதாம்."

"மகளை உள்ளே அனுப்புங்க. நீங்க இங்கே இருக்க வேண்டாம்."

வெளியே வந்து லியோனியை அனுப்பினேன். தெரு முனையில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இங்கிருந்து சமையலறை ஜன்னல் தெரிகிறது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். லியோனி பேசுகிறாள், கையை ஆட்டி ஆட்டி. என்னிடம் அவள் அப்படிப் பேசி ஒரு மாதத்துக்குமேல் ஆகிறது. அந்த அம்மா அவளுக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தாள்.

மூன்றரை மணி பஸ் வந்து நின்றது. ஏறுகிறீர்களா என்று டிரைவர் கேட்டார். மகள் வரவேண்டும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அடுத்தது ஐந்தே காலுக்கு.